60 நாள் படுத்தே கிடந்தால் பணம் தருகிறார்களாம், போகலாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 26. ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறேன். ஊரில் வாங்கிய கல்விக் கடன் 18 லட்சம் தலைமேல் நிற்கிறது. பக்கத்தில் கொலோனில் இருக்கும் ஜெர்மன் விண்வெளி மையத்தில், இரண்டு மாதம் கட்டிலில் படுத்தே இருந்தால் பணம் தரும் ஆய்வு அவ்வப்போது நடக்குமாம். 2019-ல் 16,500 யூரோ கொடுத்திருக்கிறார்கள். அறைத் தோழன் அந்தச் செய்தியைக் காட்டியதிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிப்பதாக இருக்கிறேன். ஜெர்மன் நன்றாகப் பேசுவேன், சிகரெட் கிடையாது, வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். சுனிதா வில்லியம்ஸ் ஒன்பது மாதம் மேலே இருந்துவிட்டு வந்து நன்றாகத்தானே இருக்கிறார், இது வெறும் படுக்கைதானே? அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. 'சும்மா படுத்துக் கிடக்கறவனுக்கு எவன்டா காசு குடுப்பான், உன்ன எலி மாதிரி அறுத்துப் பாக்கப் போறான்' என்று போனில் அழுகிறார். தங்கை பிறந்த சமயத்தில் அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டி ஒரு மாதம் படுத்திருந்தாராம், அதிலிருந்து படுக்கை என்றாலே பயம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மற்றபடி குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, ஆறுதல் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், முழுசாகக் கொடுக்க முடியவில்லை. கடைசியில் போகிற போக்கில் அம்மாவின் பயத்துக்குக் காரணமாக ஒரு வரி எழுதினீர்களே, காலில் ரத்தம் கட்டியது என்று, என் கண் அதில்தான் நின்றுவிட்டது. கடன், ஜெர்மன், ஓட்டப் பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் அந்த வரி எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று புரிய வேண்டுமானால், கட்டிலில் ஏறிப் படுத்தவனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கொலோன் விமான நிலையத்தை ஒட்டி என்விஹாப் என்று ஒரு ஆய்வுக்கூடம் 2013-லிருந்து இருக்கிறது. 2019-ல் அங்கே நடந்ததற்கு அக்பிரேசா என்று பெயர். ஜெர்மன் மையம், நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை மூன்றும் சேர்ந்து 24 பேரை, இரண்டு தவணையாகப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் படுக்க வைத்தார்கள். படுக்கை 60 நாள், அதற்கு முன் 15 நாள் அளவெடுப்பு, பின்னால் 14 நாள் தேற்றல், ஆக 89 நாள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே.

விண்வெளி ஆராய்ச்சிக்கு எதற்குக் கட்டில்? மேலே போய் வந்த மனிதர்கள் இதுவரை ஆயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். அதிலும் ஒவ்வொருவரும் வேறு வேறு வயது, வேறு வேறு நாள் கணக்கு, மேலே ஒவ்வொருவருக்கும் தலைக்குமேல் வேலை. ஒரே மாதிரி சாப்பாடு போட்டு, ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, பாதிப் பேருக்கு ஒரு பயிற்சி கொடுத்து மீதிப் பேருக்குக் கொடுக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் அங்கே நடக்கிற காரியமில்லை. அதனால் ஆளைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, எடை கால் வழியாக இறங்காமல் செய்கிறார்கள்.

சும்மா படுக்க வைப்பதில்லை. கட்டிலின் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்திருக்கும். இதன் பின்னால் ஒரு பழைய கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1970-ல் சோயுஸ்-9 கலத்தில் நிக்கோலாயெவ், செவஸ்தியானோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்கள் ஏறக்குறைய 18 நாள் சுற்றிவிட்டு இறங்கினார்கள், நிற்கவே தடுமாறினார்கள். அந்தக் காலகட்டத்தில் திரும்பி வந்த வீரர்கள் இன்னொரு புகாரும் சொன்னார்கள். ராத்திரி மட்டமான கட்டிலில் படுத்தால் கால் பக்கமாக வழுக்கி விழுவது போலவே இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று. கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கி வைத்ததும் 'இப்போதுதான் மட்டமாக இருக்கிறது' என்றார்களாம். நாள் ஆக ஆக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். தலை தாழ்ந்த அந்தக் கிடைதான் எடையற்ற நிலைக்கு மிக நெருக்கம் என்று அங்கே பிடித்துக்கொண்டார்கள். பல கோணம் வைத்துப் பார்த்து 6 டிகிரி வழக்கமாக நின்றுவிட்டது. 1986-87-ல் மாஸ்கோவில் இதே மாதிரித் தலை தாழ்ந்த கிடையில் 370 நாள் மனிதர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் உங்கள் 60 நாள் ஒன்றுமில்லை என்று தோன்றும், தோன்றட்டும், மேலே படியுங்கள்.

6 டிகிரி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நானும் ஒரு முறை, மருத்துவம் படிக்கும்போது விடுதியில், இரும்புக் கட்டிலின் கால்பக்கம் செங்கல் அடுக்கிப் படுத்திருக்கிறேன். ஆறடிக் கட்டிலுக்கு 20 சென்டிமீட்டர் வேண்டும், மூன்று செங்கல் வைத்தால் கொஞ்சம் கூடுதல், அதில் ஒன்று மூளி என்பதால் சரியாக வந்தது. முதல் அரைமணி நேரம் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் மூக்கு அடைத்துக்கொண்டது, ஜலதோஷம் பிடித்தது போல. கண்ணுக்குப் பின்னால் ஒரு கனம். ராத்திரி மூன்று முறை எழுந்து ஒன்றுக்குப் போனேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால் இமை வீங்கி, அழுது எழுந்த முகம். ஒரே ஒரு ராத்திரிக்கு இது. நீங்கள் அறையில் செய்து பார்த்து மறுநாள் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

அன்று எனக்கு நடந்தது என்னவென்றால், நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கிறது. தலை தாழ்ந்ததும் அது நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறிவிடுகிறது. நெஞ்சில் இருக்கும் அளவுமானிகள் உடம்பில் தண்ணீர் கூடிப்போனதாக நினைத்துக்கொண்டு சிறுநீரகத்துக்கு 'வெளியேற்று' என்று சொல்கின்றன. சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்துபோகும். விண்வெளி வீரர்கள் மேலே போன முதல் வாரத்துப் படங்களைப் பாருங்கள், முகம் உப்பி, கால் குச்சியாக இருக்கும். அதே கணக்குத்தான். படுத்திருக்கும் வரை இதனால் தொந்தரவு இல்லை. 60-ஆம் நாள் எழுந்து நிற்கச் சொல்வார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் கண் இருட்டும்.

முதல் வாரத்தில் எல்லோரும் புலம்புவது முதுகுவலி. முதுகெலும்பின் நடுவே இருக்கும் தட்டுகள் சுமை இல்லாமல் ஊறிப் பெரிதாகின்றன. விண்வெளியில் ஆள் உயரமாவதும் இதனால்தான். மலச்சிக்கல், தலைவலி, பசியின்மை என்று கூடவே ஒரு பட்டாளம் வரும், அதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும்.

பழகாத சமாச்சாரங்கள் வலியில்லாமல் நடக்கின்றன. கெண்டைக்கால் தசை இருக்கிறதே, நாம் சும்மா நிற்கும்போதுகூட விழாமல் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உழைப்பது அதுதான். வேலை நின்றதும் முதலில் கரைவதும் அதுதான். உடம்புக்குச் சேமிப்புப் புத்தி கிடையாது, அன்றாடம் கேட்காத எதையும் வைத்துப் பராமரிக்காது. எலும்பும் அப்படியே. விண்வெளியில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி இழக்கும், இங்கே நம் வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு வருஷத்தில் போவது ஏறக்குறைய அவ்வளவுதான். கட்டிலில் வேகம் அதைவிடக் குறைவு, திசை ஒன்றுதான். அப்படிக் கரைந்த கால்சியம் சிறுநீர் வழியே போகும், அதனால்தான் கல் அடைப்பு வராமல் இருக்கத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உயிரை எடுப்பார்கள்.

இதில் பழம்பெரும் ஆய்வு ஒன்று, டாலஸ் நகரத்தில் 1966-ல் நடந்தது. ஐந்தே ஐந்து இளைஞர்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய இருபது வயது, மூன்று வாரப் படுக்கை. முழு மூச்சில் ஓடும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துப் பயன்படுத்துகிறது என்று அளந்தால், நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து, தலை நரைத்துத் தொப்பை போட்ட அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. பயப்படாதீர்கள், அந்த மூன்று வாரச் சேதம் பயிற்சியில் திரும்பி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப் போடுவார்கள். அந்தப் பழக்கம் மாறியதில் இந்த ஐந்து பேருக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து 'எழுந்து நடங்க' என்று விரட்டும்போது நான் இவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது சுனிதா வில்லியம்ஸ். 2024 ஜூன் 5 அன்று எட்டு நாள் வேலை என்று சொல்லிப் போனவர், 2025 மார்ச் 18 அன்று இறங்கினார், 286 நாள். சரி, நன்றாகத்தான் இருந்தார். ஆனால் அவர் மேலே சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை தம்பி. அங்கே ஒவ்வொருவருக்கும் தினம் இரண்டு மணி நேரத்துக்குமேல் உடற்பயிற்சி. இடுப்பில் பட்டை போட்டுக் கீழே இழுத்துக் கட்டி ஓடும் டிரெட்மில் ஒன்று, சைக்கிள் ஒன்று, அப்புறம் 2008-ல் கொண்டு போன பளுப்பயிற்சிக் கருவி ஒன்று, வெற்றிடக் குழாயை எதிர்த்துத் தள்ளுவதால் அதில் எடையற்ற இடத்திலும் பளு தூக்க முடிகிறது. அந்தக் கருவி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் எலும்பும் தசையும் ஓரளவுக்கு நின்றன. அப்படியும் 2022-ல் வந்த ஒரு ஆய்வில், பதினேழு வீரர்களை இறங்கி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒன்பது பேருக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை. தினம் இரண்டு மணி நேரம் பாடுபட்டவர்கள் கதை இது.

உங்களை எந்தக் குழுவில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, குலுக்கல்தான். 2019-ல் எட்டுப் பேர் வெறுமனே படுத்துக் கிடந்தார்கள். மீதிப் பதினாறு பேரைத் தினம் 30 நிமிடம், படுத்தபடியே, தலை நடுவில் கால் வெளியே இருக்கும்படி ஒரு ராட்டினத்தில் வைத்துச் சுழற்றினார்கள். சுழற்சியில் ரத்தம் காலுக்குப் போகும், காலுக்கு எடை வந்தது போல இருக்கும், செயற்கை ஈர்ப்பு. கேட்க நன்றாக இருந்தாலும் கால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை. அதற்கு முன் 2015-16-ல் அதே கொலோனில் இன்னொன்று செய்தார்கள். படுத்தபடியே குதிக்க வைக்கும் ஒரு சறுக்குக் கருவி. வாரத்தில் ஐந்தாறு நாள், ஒரு நாளைக்குக் குதிப்பது என்னவோ சில நிமிடம்தான். அது தசையை ஆச்சரியப்படும் அளவுக்குப் பிடித்து நிறுத்தியது. நானாக இருந்தால் குதிக்கும் குழுவில் போடச் சொல்லிக் கெஞ்சுவேன். கெஞ்சினாலும் கிடைக்காது.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். எப்போதும் ஒரு தோளாவது மெத்தையில் பட்டிருக்க வேண்டும் என்பது விதி. முழங்கையை ஊன்றி எழுந்து எட்டிப் பார்க்கக்கூடாது. சாப்பாடு படுத்தபடி, கிராம் கணக்கில் நிறுத்து வரும், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டே ஆக வேண்டும், கூட ஒரு பிஸ்கட் கிடையாது. அம்மா ஊறுகாய் அனுப்பினாலும் உள்ளே வராது. குளியலுக்குத் தள்ளுவண்டியில் படுத்தபடி போய்ப் படுத்தபடி வர வேண்டும். இரண்டுக்கும் படுக்கையிலேயே, தட்டில். இதை நினைத்து நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் போய் வந்தவர்கள் பெரும்பாலும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை, நாலாவது வாரச் சலிப்பைத்தான் சொல்கிறார்கள். சிறுநீர் ஒவ்வொரு சொட்டும் சேகரிப்பில் போகும். அம்மா எலி என்றாரே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: இந்த ஆய்வுகளில் பலவற்றில், மரத்துப் போக ஊசி போட்டு, தொடையிலோ கெண்டைக்காலிலோ ஒரு பருப்பு அளவு தசையை எடுப்பார்கள். ஒரு தடவை இல்லை, சில தடவை. ஆனால் எலியைக் கேட்டு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. உங்களிடம் வாங்குவார்கள், எந்த நாளும் காரணம் சொல்லாமல் 'போதும், நான் எழுந்துகொள்கிறேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பாதியில் எழுந்தால் பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையணை உண்டா என்றும் கேளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நீண்ட நாள் மேலே இருந்த வீரர்கள் சிலருக்குக் கண்ணின் பின்பக்கம் தட்டையாகி, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்கியிருப்பதை 2011-ல் எழுதினார்கள். அதைத் தரையில் கொண்டுவர முடியுமா என்று 2017-ல் கொலோனில் 11 பேரைத் தலையணை இல்லாமல், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூட்டி, 30 நாள் படுக்க வைத்தார்கள். ஐந்து பேருக்கு அந்த வீக்கம் வந்தது. யாருக்கும் பார்வை போகவில்லை. ஆனாலும் கண்ணுக்கான ஆய்வு என்றால், முன்னும் பின்னும் என்னென்ன படம் எடுப்பார்கள், எழுந்த பிறகு எத்தனை மாதம் பார்ப்பார்கள் என்று கேட்காமல் நான் என் மகனை அனுப்ப மாட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்றீர்கள். படுத்த சில நாளிலேயே இன்சுலின் சொல்பேச்சைத் தசை கேட்காமல் போக ஆரம்பிக்கும், ஆரோக்கியமான ஆளுக்கும் இது நடக்கும், நடக்க ஆரம்பித்தால் சரியாகும். நம் ஊர் உடம்புக்கு இந்த விஷயத்தில் ஏற்கெனவே கையிருப்பு குறைவு. தேர்வுப் பரிசோதனையில் உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் என்னைக் கேட்டால் விலகிவிடுங்கள் என்பேன். வைட்டமின் டி-யும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் குளிர்காலத்தையும் நம் நிறத்தையும் சேர்த்தால் அது தரைமட்டத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன்.

ரத்தம் உறைய மூன்று காரணம் என்று முதலாண்டிலேயே படிப்போம்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் குணம் உள்ளதாக இருப்பது. கெண்டைக்கால் தசைதான் காலின் பம்பு, ஒவ்வொரு அடிக்கும் அது ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. 60 நாள் பம்பை நிறுத்துகிறீர்கள், ரத்தத்தின் நீரும் குறைந்து கெட்டியாகிறது. தலை தாழ்ந்திருப்பதால் காலில் ரத்தம் தேங்குவது குறையும் என்பது ஒரு அனுகூலம். மொத்தத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த ஆய்வுகளில் ரத்தக் கட்டி வருவது அபூர்வம்தான், ஏனென்றால் அபாயம் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அந்த வாசலில் நிற்கிறீர்கள்.

விண்வெளியிலும் இது நடந்திருக்கிறது. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதினோரு வீரர்களின் கழுத்தைக் கருவி வைத்துப் பார்த்ததில் ஆறு பேருக்கு இடது கழுத்து நரம்பில், அதாவது தலையிலிருந்து ரத்தம் இறங்கும் சிரையில், ஓட்டம் நின்றோ பின்னோக்கிப் போயோ இருந்தது. ஒருவருக்கு அங்கே கட்டியே இருந்தது. பயணம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம், அவருக்கு ஒரு அறிகுறியும் இல்லை, வேறு ஆய்வுக்காக அவரே தன் கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கலத்தில் இருந்த ஊசி மருந்து அளவானது. சிக்கனமாகப் போட்டுச் சமாளித்து, நாற்பது நாளுக்குமேல் கழித்துச் சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேர்ந்தது. இறங்கி வந்தவர் நலம்தான். இவ்வளவு சோதித்துத் தேர்ந்தெடுத்த, இவ்வளவு பயிற்சி செய்கிற ஆளுக்கே அது சத்தமில்லாமல் வந்தது.

அம்மா விஷயத்தில் இரண்டு வழியாகவும் யோசிக்கலாம். கர்ப்ப காலத்திலும் பிரசவம் முடிந்த ஆறு வாரத்திலும் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும், பிரசவ ரத்தப்போக்கிலிருந்து தாயைக் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் வந்த கட்டி அந்த நேரத்தோடு போயிருக்கலாம், உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ கட்டி வந்திருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில குடும்பங்களில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்று உறைதலை அடக்கும் சரக்குகள் பிறவியிலேயே குறைவு. நடமாடும் வரை தெரியாது, படுத்தால் தெரியும். காலில் கட்டியதோடு நின்றால் பரவாயில்லை, பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் 26 வயதிலும் ஆள் போகலாம்.

இந்தச் சோதனைகளைத் தேர்வின்போது அவர்களே செய்வார்கள். என் கவலை சோதனையைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. குடும்ப வரலாறு என்று படிவத்தில் ஒரு கட்டம் வரும். 16,500 யூரோ கண் முன்னால் ஆடும்போது 'அம்மாவுக்கு எப்போதோ வந்தது, அதை எதற்கு எழுதுவானேன்' என்று கை தயங்கும். எனக்கு எழுதிய கடிதத்திலேயே அம்மாவின் கட்டியைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் 'குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், திருப்பிப் படித்துப் பாருங்கள். படிவத்தில் அதை எழுத மனசு வராவிட்டால் விண்ணப்பமே போடாதீர்கள். எழுதி, சோதித்து, அவர்கள் சரி என்றால் நானும் சரி என்பேன். வேண்டாம் என்றால், கடனுக்கு வேறு வழி பாருங்கள், கூடவே உங்களைப் பற்றி இலவசமாக ஒரு முக்கியமான சேதி தெரிந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட விமானப் பயணத்திலும் நாளைக்கு ஒரு ஆபரேஷனிலும் அது உயிரைக் காக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16,500-ஐ 89 நாளால் வகுத்தால் நாளுக்கு 185 யூரோ. நாளுக்கு 24 மணி நேரமும் நீங்கள் அவர்கள் கையில்தானே, மணிக்கு எட்டு யூரோகூட வரவில்லை. அந்த வருஷம் ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலியே 9 யூரோ 19 சென்ட். அபாயத்துக்கு விலை கொடுப்பது ஆய்வு நெறிப்படி தப்பு, நேரத்துக்கும் சிரமத்துக்கும்தான் கொடுக்கலாம், அதனால் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு செமஸ்டர் போகும். வெளியே வந்ததும் ஓட முடியாது, முதல் சில நாள் உள்ளங்கால் கூசும், படிக்கட்டு இறங்கக் கைப்பிடி வேண்டும், தசைக்குச் சில மாதமும் எலும்புக்கு ஒரு வருஷம் வரையும் ஆகும். விசா, வரி, காப்பீடு மூன்றையும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள், அறைத் தோழனிடம் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் இன்று பேசும்போது சமாதானம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். கட்டியது எந்தக் கால், தொடை வரை வீங்கியதா கெண்டைக்காலோடு நின்றதா, பிரசவத்துக்கு முன்னாலா பின்னாலா, சிசேரியனா, ரத்தம் இளக மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட்டார், அதற்கப்புறம் எப்போதாவது திரும்ப வந்ததா. அவர் கூடப் பிறந்தவர்களில், மாமாவுக்கோ பெரியம்மாவுக்கோ, திடீரென்று மூச்சடைத்துப் போன கதை ஏதாவது உண்டா. அந்த டிஸ்சார்ஜ் சீட்டை அம்மாக்கள் தூக்கிப் போடுவதில்லை, பீரோவில் தங்கையின் பிறப்புச் சான்றிதழோடுதான் இருக்கும். தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.